சாளரத்தில் தெரிந்த தெளிவு



தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் இலக்கணத்தையும் கட்டுரைப் பயிற்சியையும் ஒருபுறம் வைத்துவிட்டுக் கேமராவைப் பற்றி எழுதப் புகுந்தால் சிலர் வியக்கக்கூடும். காரணம் ஒரு மாணவன். அண்மையில் எங்கள் பள்ளியின் போட்டி விளையாட்டு நாளில், என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த கேமராவை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாங்கிப் பார்த்தான். முதலில் அதன் பின்புறத்தை விரலால் தேய்த்தான், ஒன்றும் நிகழவில்லை. பிறகு அதன் சாளரத்தில் கண்ணை வைத்துத் திடலைப் பார்த்தான். தொலைவில் இருந்த கொடிக்கம்பத்தையும் பக்கத்தில் நின்ற தன் தோழனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இதுல எல்லாமே தெளிவாத்தான தெரியுது? அப்புறம் ஏன் இந்த வளையத்தத் திருப்பிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டான்.

அவனுக்கு அங்கேயே ஒரு விடை சொன்னேன். முழு விடையைச் சொல்ல வேண்டுமானால் 2009ஆம் ஆண்டில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு பிள்ளைகளின் முகங்களை நான் கெடுத்த கதை அது.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். ரேஞ்ச்ஃபைண்டர் என்பதைத் தமிழில் தொலைவுமானி என்பர். நான் அச்சொல்லையே கையாளப் போகிறேன். லென்ஸை மட்டும் லென்ஸ் என்றே எழுதுகிறேன். ஒரு லென்ஸுக்குள் ஆறேழு வில்லைகள் இருப்பதால், முழுமைக்கும் உறுப்புக்கும் ஒரே பெயரிட்டால் வகுப்பில் பிள்ளைகள் குழம்புவதுபோல் வாசகரும் குழம்புவர்.

நாம் பலரும் அறிந்த எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். படம் மங்கலாக வருமென்றால் நமக்கும் மங்கலாகவே தெரியும். தொலைவுமானிக் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. நாம் பார்ப்பது லென்ஸுக்கு மேலே, ஓரத்தில் அமைந்த தனிச் சாளரத்தின் வழியே. அதில் அண்மையும் சேய்மையும் எப்போதும் தெளிவாகவே தோன்றும். நடுவில் ஒரு சிறு பிரகாசமான கட்டம் இருக்கும். கேமராவின் மறுபக்கத்தில் உள்ள இன்னொரு சிறு சாளரம் பிடித்த உருவம் அந்தக் கட்டத்தில் வந்து விழும். ஆதலால் அங்கு மட்டும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரு உருவங்களும் நெருங்கி வரும். அவை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும் இடமே குவியம்.

இதன் உள்வேலை எளிது. வளையத்தைத் திருப்பும்போது லென்ஸின் பின்புறத்தில் உள்ள ஓர் உலோக வளையம் முன்னும் பின்னும் நகர்கிறது. கேமராவுக்குள் சிறு உருளை பொருத்திய ஒரு கை, அந்த வளையத்தின்மேல் சாய்ந்து நின்று அது நகரும் அளவை வாங்கிக்கொள்கிறது. அந்த அசைவே இரண்டாவது உருவத்தை இடம் பெயர்க்கிறது. அவ்வளவுதான். சாளரம் லென்ஸைப் பார்ப்பதில்லை. லென்ஸ் எங்கே நிற்கிறது என்று அந்தக் கை சொல்வதைக் கேட்டு நமக்குச் சொல்கிறது. லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும், உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலும், அந்தக் கை ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், சாளரத்தில் தெரியும் உலகம் பளிச்சென்றுதான் இருக்கும்.

பிறகு ஏன் இத்தகைய கருவியை விரும்ப வேண்டும் என்று கேட்பீர்கள். என்னிடமுள்ளது எப்சன் ஆர்-டி1. தொலைவுமானிக் கேமராக்களுள் முதன்முதலாக ஃபிலிமை விட்டு மின்னிலக்கத்திற்கு வந்தது அதுவே. 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடலை ஜப்பானின் கொசினா நிறுவனம் செய்தது. அப்போது அதன் விலை சுமார் 3,000 அமெரிக்க டாலர். ஆசிரியர் சம்பளத்தில் நினைத்துப் பார்க்க இயலாத விலை. 2007ஆம் ஆண்டின் இறுதியில், ஒருவர் கைமாற்றியதை என் மோட்டார் சைக்கிள் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். பழைய மோட்டார் சைக்கிளையே தொடர்ந்து ஓட்டினேன் என்பது பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

6 மெகாபிக்சல்தான். ஆனாலும் ஒவ்வொரு படத்திற்கும் முன் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும். மேல்தட்டில் கடிகாரம் போன்ற ஒரு முகப்பு. எத்தனை படம் மீதம், மின்கலம் எவ்வளவு என்பதை முட்கள் காட்டும். பின்புறத் திரையை உட்புறமாகத் திருப்பி மூடிவிட்டால் அது மின்னிலக்கக் கருவி என்று யாருக்கும் தெரியாது. இவற்றையெல்லாம்விட அதன் சாளரம் பொருள்களைச் சுருக்காமல் அவற்றின் உண்மை அளவிலேயே காட்டும். எனவே இரு கண்களையும் திறந்துகொண்டு படம் எடுக்கலாம். வகுப்பறையில் இது பெரும் வசதி. கண்ணாடி எழும்பி விழும் ஓசையும் இல்லை. ஆசிரியர் ஒரு கண்ணை மூடி நம்மைக் குறிவைக்கிறார் என்ற அச்சம் பிள்ளைகளுக்கு எழுவதில்லை.

பின்னர் லைக்கா நிறுவனம் 2006இல் எம்8, 2009இல் எம்9 எனக் கொண்டுவந்தது. எம்8இல் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மெல்லியது. அதனால் சில கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதா கலந்து பதிவாகும். அதைத் தடுக்கும் வடிகட்டிகளை அந்நிறுவனமே வாங்கியவர்களுக்கு வழங்கியது. எம்9 முழு அளவுச் சென்சார் கொண்டது. ஆனால் சென்சாரை மூடிய கண்ணாடி சிலவற்றில் அரித்துப்போவது பின்னர் தெரிய வந்தது. கைமாறும் எம்9 வாங்குவோர், சென்சார் மாற்றப்பட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. 2012இல் அறிவிக்கப்பட்ட எம் வரிசைக் கருவி முதல், லென்ஸ் காண்பதைப் பின்புறத் திரையிலேயே பார்க்கும் வசதி வந்துவிட்டது. என் கருவியில் அது கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது.

அந்நாளில் நான் பணியாற்றியது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் பால்மரங்கள் சூழ்ந்திருந்த தோட்டம், செம்பனைக்கு மாறி, பிறகு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பள்ளியில் எல்லா ஆண்டுகளையும் சேர்த்து எஞ்சியவர்கள் இருபத்தாறு மாணவர்கள். 2009 நவம்பரில், ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் நாளோடு அந்தப் பலகைக் கட்டடம் மூடப்படும் என்று முடிவாயிற்று.

கடைசி நாளன்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் படம் எடுத்து, பெரிதாகப் போட்டுக் கொடுப்பது என்று எண்ணியிருந்தேன். அந்தப் பிள்ளைகளுள் பலரின் வீட்டில் அவர்களுடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. சபைகூடல் முடிந்ததும் பள்ளியின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒவ்வொருவராக நிற்க வைத்தேன். காலை வெயில் நேரடியாக விழாத இடம். கேமராவில் 1950களில் செய்யப்பட்ட சும்மிட்டார் என்னும் 50 மி.மீ. லென்ஸ். பழைய திருகு வகை. ஒரு வளையத்தைத் துணையாகப் பொருத்தித்தான் இன்றைய கருவியில் மாட்ட வேண்டும். ஒளித்துளையை எஃப் 2 என முழுதும் திறந்துவிட்டு, ஒரு மீட்டர் தொலைவில் நின்று, கண்மணியில் குவியம் வைத்தேன். ஒவ்வொரு முறையும் இரு உருவங்களும் ஒன்றாகப் பொருந்தியதைக் கண்ணாரக் கண்டேன். திரையையோ உட்புறமாக மூடி வைத்திருந்தேன். எடுத்த படத்தை உடனுக்குடன் பார்ப்பது பொறுமையற்றவர் செயல் என்று அப்போது எனக்கு ஒரு செருக்கு இருந்தது. நடுவில் ஒருமுறை திறந்து பார்த்தேன்தான். ஆனால் இரண்டு அங்குலத் திரையில் எல்லா முகமும் அழகாகவே தெரியும்.

மூன்றாம் நாள் இரவு, கணினியில் முதல் படத்தைப் பெரிதாக்கினேன். முகம் மங்கல். அடுத்த படம்; அதுவும் மங்கல். இருபத்தாறும் அப்படியே. கை ஆடியிருந்தால் எல்லாமே கலைந்திருக்கும். இங்கு அப்படியில்லை. ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் கண் கரைந்து கிடக்க, தலைக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவர் மட்டும் வெட்டி வைத்தாற்போல் துல்லியமாக இருந்தது. துருப்பிடித்த ஆணித்தலையை எண்ணலாம். வண்ணப்பூச்சு வெடித்த கோடுகளை விரலால் தடவலாம் போல் இருந்தது. ஓர் ஆசிரியன் கடைசி நாளில் தன் மாணவர்களை விட்டுவிட்டுச் சுவரைப் படம் பிடித்து வந்திருக்கிறான்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. பள்ளி மூடிவிட்டது. பிள்ளைகள் நான்கைந்து தாமான்களுக்குச் சிதறிவிட்டனர். எனக்கும் வேறு பள்ளிக்கு மாற்றல் வந்திருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பின்னர் கண்டறிந்தேன். 50 மி.மீ. லென்ஸை எஃப் 2இல் திறந்து, ஒரு மீட்டர் தொலைவில் என் கேமராவில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 3 செ.மீ. அளவே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே அதைவிடக் கூடுதல் தொலைவு உண்டு. இதே லென்ஸை எஃப் 8இல் வைத்து மூன்று மீட்டரில் எடுத்திருந்தால் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் கிடைத்திருக்கும். கருவி சற்றே பொய் சொன்னாலும் படம் தப்பியிருக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் வெளிச்சத்தில் தள்ளி நின்று எடுத்த படங்கள் எல்லாம் நன்றாக வந்ததற்குக் காரணம் அதுதான். பிழை முன்பே இருந்தது. நான் அதற்குக் கடினமான கேள்வி எதையும் கொடுக்கவில்லை.

பிழையின் ஊற்றுக்கண் என் மோட்டார் சைக்கிளின் முன்கூடை. இரண்டு ஆண்டுகளாகக் கேமராவைப் பையில் சுற்றி அந்தக் கூடையில் வைத்து, செம்மண் சாலையில் நாள்தோறும் பதினோரு கிலோமீட்டர் சென்று வந்தேன். உள்ளே இருக்கும் அந்தக் கையும் அதன் திருகுகளும் கடிகார வேலைக்கு ஒப்பானவை. கடிகாரத்தைக் கையில் கட்டுவார்கள். யாரும் கூடையில் போட்டுக் குலுக்க மாட்டார்கள். கேமராவைக் குற்றம் சொல்வதற்கு எனக்கு வாயில்லை.

கோலாலம்பூரின் புடு பகுதியில் ஒரு மாடிக்கடையில் கேமரா பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். டிசம்பரில் அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கருவியைத் திறக்கவே இல்லை. லென்ஸை முடிவிலிக் குறியில் நிறுத்தி, ஜன்னலுக்குச் சென்று, கோலாலம்பூர் கோபுரத்தின் உச்சிக் கம்பத்தைச் சாளரத்தின் நடுக்கட்டத்தில் வைத்து, என்னிடம் கொடுத்தார். பார்த்தேன். ஒரு கம்பம் இரண்டாகத் தெரிந்தது. அதுவும் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. "இதை எப்போதாவது பார்த்திருக்கிறாயா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். "கேமரா வாங்கிய அன்றே பார்க்க வேண்டியது" என்றார்.

அவர் செய்ததை அருகிலிருந்து கவனித்தேன். பக்கவாட்டு விலகலைச் சரிசெய்வது ஒரு வேலை. மேல்கீழ் விலகலைச் சரிசெய்வது இன்னொரு வேலை. தொலைவில் சரியாக இருப்பது அருகில் சரியாக இருக்குமென்று கொள்ள முடியாது. அருகை மறுபடி சோதிக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சிறிது அசையும். அதனால் கோபுரத்திற்கும் மேசைமேல் வைத்த அளவுகோலுக்கும் இடையே ஏழெட்டு முறை போய்வந்தார். என் துணை வளையத்தையும் அளந்து பார்த்தார். திருகு வகை லென்ஸ் அமரும் இடத்திலிருந்து படம் விழும் தளம் வரை 28.8 மி.மீ.; இன்றைய எம் வகைக் கருவியில் அது 27.8 மி.மீ. ஆகவே துணை வளையத்தின் தடிமன் சரியாக ஒரு மி.மீ. இருந்தாக வேண்டும். மலிவு விலை வளையங்களில் இது பிசகும். என்னுடையது தப்பவில்லை என்றாலும், வேறொன்று வாங்கும்படி சொல்லுமளவுக்கு மோசமாக இல்லை என்றார்.

அன்று முதல் நான் கைக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாள், முழுநிலவு தெளிவாகத் தெரிந்தால் நிலவை, இல்லையேல் தொலைத்தொடர்புக் கோபுரத்தைப் பார்த்துவிடுவேன். லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது இரண்டு நிலவுகள் தெரிந்தால் கருவிக்கு வைத்தியம் வேண்டும். அடுத்து, அண்மைச் சோதனை. மேசையில் ஐந்து வெண்கட்டிகளை, ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் ஒன்றையொன்று மறைக்காதபடி சாய்வரிசையில், 2 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துவேன். முக்காலியில் கேமராவை வைத்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து, ஒளித்துளையை முழுதும் திறந்து, நடுவில் உள்ள மூன்றாவது வெண்கட்டியில் குவியம் வைத்து எடுப்பேன். வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி குவியம் வைத்து, இப்படி ஆறு முறை. ஆறிலும் நான்காவது தெளிவாக இருந்தால் கருவி பின்னே போகிறது. ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாக இருந்தால் கருவியில் குறையில்லை, என் கண்ணில்தான் குறை. சென்ற ஆண்டு அப்படித்தான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டேன்.

ஃபிலிம் காலத்தில் இந்த வெண்கட்டிச் சோதனைக்கு ஒரு சுருள் செலவாகும்; கழுவிப் பார்க்க ஒரு வாரமாகும். சிறிய படமாகப் போட்டால் சிறு பிழை மறைந்தும்விடும். மின்னிலக்கக் கருவி இரக்கமற்றது. எடுத்ததைக் கணினியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் காட்டும். ஆனால் காசில்லாமல் சோதித்துக்கொள்ள இடம் கொடுப்பதும் அதுதான். இவ்வளவு எளிதான சோதனையை இரண்டு ஆண்டுகளாகச் செய்யாமல் இருந்ததுதான் என்னை இன்றும் வெட்கப்பட வைக்கிறது.

லென்ஸுக்கு நம் நாட்டில் வேறொரு பகை உண்டு. அதையும் சாளரம் காட்டிக்கொடுக்காது. சும்மிட்டாருடன் அழகிய தோல் உறை ஒன்று வந்தது. அதிலேயே போட்டு, அலமாரியில் வைத்திருந்தேன். புடு பெரியவர் கைவிளக்கை லென்ஸின் பின்னிருந்து அடித்து முன்பக்கம் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் சிலந்தி நூல் போல் மெல்லிய கிளைகள் ஓடியிருந்தன. பூஞ்சை. நம் ஊரின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கிறது. இருளும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்து ஊட்டி வளர்க்கிறது. முற்றவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. என்னுடையது தொடக்க நிலையில் இருந்ததால் பிழைத்தது.

ஈரம் நீக்கும் மின் அலமாரி வைத்திருப்போர் 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்துக்கொள்ளலாம். மிகவும் வறண்டுவிட்டால் வளையத்தில் உள்ள மசகும் பாதிக்கப்படும் என்பர். எனக்கு அலமாரி வாங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை, இறுக்கமாக மூடும் பெரிய உணவுப் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி. நீலமாக இருக்கும் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். சிலர் அரிசியைப் போட்டு வைக்கிறார்கள். அரிசிமாவும் வண்டும் லென்ஸுக்கு எதற்கு? இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

குளிர்சாதன அறையிலிருந்து சட்டென்று வெளியே வந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். அப்போது துடைக்காதீர்கள், பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். துடைக்க வேண்டிவரும்போது முதலில் ரப்பர் ஊதுகுமிழால் தூசியை ஊத வேண்டும், பிறகு மென்தூரிகை, அதற்கும் போகாத கறைக்கே துணியும் திரவமும். திரவத்தைத் துணியில் விடுக. கண்ணாடியில் விட்டால் ஓரத்தின் வழியே உள்ளே இறங்கும். சட்டை நுனியால் துடைக்கும் பழக்கம் என்னிடமும் இருந்தது. பழைய லென்ஸ்களின் மேற்பூச்சு மென்மையானது. தூசியோடு துடைப்பது மணலால் தேய்ப்பதற்குச் சமம். சும்மிட்டார் போன்ற, குழலை உள்ளே அழுத்தி மடக்கும் லென்ஸ்களை மின்னிலக்கக் கருவியில் மடக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எதில் இடிக்கும் என்று சோதித்துப் பார்க்கும் இடமன்று அது.

சென்சார் தூசிக்கு, ஒளித்துளையை எஃப் 16க்குச் சுருக்கி வானத்தை எடுத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரிந்துவிடும். வகுப்பறையில் வெண்கட்டித் தூள் பறக்க லென்ஸ் மாற்றியவனுக்குப் புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. மின்கலத்தை முழுதும் ஏற்றிய பிறகே ஷட்டரைத் திறந்துவைத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ஊதுகுமிழால் ஊதுக. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அழுத்தக் காற்றுப் புட்டியும் வேண்டாம். அதிலிருந்து திரவம் பீறிடக்கூடும். இன்னொன்று, என் கருவி 2 ஜி.பி.க்கு மேற்பட்ட நினைவட்டையை ஏற்பதில்லை. இன்று கடையில் 2 ஜி.பி. அட்டை இருக்கிறதா என்று கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பழைய அட்டைகள் நான்கைப் பொன்போல் வைத்திருக்கிறேன்.

இனி அந்த இருபத்தாறு பேர். 2010 சனவரி முதல் வார இறுதி நாள்களில் புறப்பட்டேன். கேமரா இப்போது கூடையில் இல்லை, மார்போடு தொங்கியது. முகவரி தெரியாதவர்களை விசாரிப்பதற்காக அந்த மங்கல் படங்களையே சிறு அளவில் போட்டு எடுத்துச் சென்றேன். மங்கலாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுகொண்டனர். மே மாதத்திற்குள் இருபத்தொருவரைக் கண்டுபிடித்து மறுபடி எடுத்தேன். அடுக்குமாடி நடைபாதையில் சிலர், கார் நிறுத்துமிடத்தில் சிலர், பாட்டி வீட்டு வாசலில் ஒருத்தி. எஃப் 4இல் வைத்து, ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே பிள்ளையை விட்டேன். முகங்கள் நன்றாக வந்தன. எஞ்சிய ஐவரின் குடும்பங்கள் எங்கே சென்றன என்பது இன்றுவரை தெரியவில்லை. அவர்களுக்கு என்னிடம் இருப்பது அந்த ஐந்து மங்கல் படங்களே.

இரண்டாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமியின் வீட்டில், படம் எடுத்து முடித்து, தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். அவளுடைய தந்தை லாரி ஓட்டுநர். மேசையில் கிடந்த மங்கல் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர், ஒன்றில் நின்றுவிட்டார். அது அவர் மகளின் படம்கூட இல்லை, வேறொரு பையனுடையது. சன்னலருகே எடுத்துச் சென்று கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொண்டுவந்து, பையனின் காதுக்குப் பக்கத்தில் இருந்த பலகையைச் சுட்டினார். ஆணியால் கீறிய எழுத்துகள். அவருடைய பெயர். இறுதி மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை.

"நாலாவது படிக்கிறப்ப கீறுனது, வாத்தியாரே. புள்ளி வைக்கிறதுக்குள்ள பெரிய வாத்தியாரு வந்துட்டாரு" என்றார். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முகம் மங்கலாக இருக்கிறதே என்றேன். பரவாயில்லை என்றார்.

அப்போது பள்ளிக் கட்டடத்தை இடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை, அவர் மகளின் புதிய படத்தோடு அதையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை. இரண்டு மாம்பழங்களைப் பையில் போட்டு அனுப்பினார்.